முப்பத்தோராம் நாள் வரை பெயரில்லாத வாடிக்கையாளர்

மகப்பேற்றுக் காப்புறுதி விற்பது என்றால், பெற்ற தாய்க்கே இன்னும் சொல்லாத செய்தியை முதலில் எனக்குச் சொல்லம்மா என்று அடுத்த வீட்டுப் பெண்ணிடம் போய்க் கேட்கிற தொழில்.

அதைக் கேட்க நீ யார் என்பீர்கள். கொட்டாஞ்சேனையில் கொன்வென்டில் படித்து, வெள்ளவத்தையில் கலியாணம் கட்டி, வருடக்கணக்காக அடுப்படியையும் ஒரு புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் மேய்த்தவள் நான். பிள்ளைகள் வெளிநாடு போனார்கள். புருஷன் ஒருவரை மட்டும் நாள் முழுக்க மேய்ப்பது அவருக்கும் நல்லதில்லை, எனக்கும் நல்லதில்லை என்று ஒரு பள்ளிக்கூடச் சிநேகிதி சொல்லி, தான் வேலை செய்த கம்பனியில் என்னை முகவராகச் சேர்த்துவிட்டாள். கம்பனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கொமிஷன் நின்றுவிடும்.

உங்களில் காப்புறுதி விற்றவர்கள் இருப்பீர்கள். வாங்கிவிட்டுத் தலையில் கை வைத்தவர்கள் அதைவிட அதிகம் இருப்பீர்கள். நாமெல்லாரும் ஒரே மர வாங்கில் உட்கார்ந்து காத்துக்கொண்டு இருந்தவர்கள்தான், ஆகவே உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. இரண்டே இரண்டு விதிகளை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, பிள்ளை பிறக்க ஒரு வருடம் முன்பே காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். மற்றது, பிறந்த பிள்ளையை முப்பது நாளுக்குள் பெயர் கொடுத்துச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் பிறவியிலேயே வந்த குறைக்கும் கம்பனி கட்டும். பிந்தினால் 'ஏற்கெனவே இருந்த நோய்' என்று கையை விரித்துவிடும். நேற்றுப் பிறந்ததற்கு ஏற்கெனவே என்ன இருக்கப்போகிறது என்று நானும் கேட்டேன்.

இந்தப் பெயர் விதியில்தான் ஒரு பச்சைக்குழந்தை போய் அகப்பட்டாள். அவள் உள்ளே வருவாளா, வெளியே நிற்பாளா என்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இருங்கள், வரிசையாகச் சொல்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாத தொட்டில்

ஷர்மிளாவும் குகனும் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில், நாலாம் மாடியில். லிஃப்டில் 'திருத்த வேலை' என்று ஒரு மட்டை தொங்கும். அந்த மட்டையைத்தான் இரண்டு தரம் புதிதாக மாற்றினார்கள், லிஃப்டை இல்லை. மூச்சு வாங்க ஏறிப்போய் உட்கார்ந்ததும், ஷர்மிளாவைப் பார்த்து என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்: "விசேஷம் ஏதும் இருக்கோ பிள்ளை?" அந்தப் பெண் சிரித்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. குகனுடைய அம்மா உள்ளேயிருந்து தேநீரோடு வந்து, கோப்பையை மேசையில் வைத்த சத்தத்திலேயே எனக்குப் பதில் விளங்கிவிட்டது.

"நாங்கள் முன்கூட்டி ஒண்டும் வாங்கிறேல்லை" என்றா அந்த அம்மா. "போனமுறை தொட்டில் வாங்கி வைச்சனாங்கள். ஏழாம் மாசத்தில எல்லாம் போச்சு. இப்ப நீர் வந்து ஆஸ்பத்திரிச் செலவுக்கு இப்பவே கட்டு எண்டு சொல்லுறீர். இது தொட்டிலைவிட மோசம்." கடதாசிகளைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பினேன்.

கதவு வரைக்கும் கூட வந்த ஷர்மிளா, மாமி குசினிக்குள் போய்விட்டாவா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, என் பையைப் பிடித்து இழுத்தாள். இங்கிலீஷ் படிப்பிக்கிற பிள்ளை, குரலைத் தணித்து, ஆனால் வகுப்பில் பேசுவதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: "அன்ரி, தொட்டில் வாங்கினா வாறவை போறவை எல்லாரும் பாப்பினம். இது ஒருத்தரின்ர கண்ணுக்கும் தெரியாதுதானே? அப்ப போடுங்கோ."

மூன்று மாதமாக முழுகாத பெண்

காப்புறுதி எடுத்துச் சில மாதங்களில் அந்த நல்ல செய்தி வந்தது. பிள்ளை உண்டானால் கம்பனிக்கு அறிவிக்க வேண்டும். மூன்று மாதம் முடியும்வரை ஊருக்குச் சொல்வதில்லை என்று குகனுடைய அம்மா அடக்கி வைத்திருந்து, முடிந்த அன்று காலையிலேயே, எனக்குக்கூடச் சொல்லாமல், தானே கம்பனிக்குப் போன் எடுத்திருக்கிறா. தமிழ் இணைப்பில் அன்றைக்கு இருந்தவள் திலினி. தமிழை வகுப்புக்குப் போய்ப் படித்துச் சான்றிதழ் வாங்கிய சிங்களப் பிள்ளை. அவளுடைய தமிழில் பிழையே இருக்காது, அதுதான் அதிலுள்ள பிழை. கம்பனி எல்லா அழைப்புகளையும் பதிவு செய்து வைக்கும். நான் இதைக் காதால் கேட்டேன்.

"வணக்கம், நான் உங்களுக்கு எவ்வாறு உதவலாம்?"

"என்ர மருமகள் முழுகாமல் இருக்கிறா பிள்ளை. அதைப் பதிய வேணும்."

"எவ்வளவு காலமாக அவர் முழுகாமல் இருக்கிறார்?"

"மூண்டு மாசம்."

"மூன்று மாதங்களா! அம்மா, உங்கள் வீட்டில் நீர் விநியோகம் தடைப்பட்டுள்ளதா?"

"தண்ணி நல்லா வருது."

"அவ்வாறாயின் அவர் ஏன் முழுகவில்லை?"

"பிள்ளை, உமக்குக் கலியாணம் முடிஞ்சுதே?" என்று அந்த அம்மா கேட்டதோடு அழைப்பு முடிகிறது.

திலினி பொறுப்பான பிள்ளை. விஷயத்தைத் தோல் வருத்தங்களின் பக்கத்தில் பதிந்து வைத்திருந்தாள். நான் ஓடிப்போய், நாங்கள் மாதாமாதம் தலை முழுகுகிறவர்கள், அது நின்றால் பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று அர்த்தம், வாயால் அந்தச் சொல்லைச் சொல்ல வெட்கப்பட்டுக் குளியலறையைச் சுற்றிக்கொண்டு போகிறோம் என்று விளக்கினேன். அவள் கன்னம் சிவக்கச் சிவக்கக் குறித்துக்கொண்டு சொன்னாள்: "அனே ஆன்ட்டி! எங்களுடைய ஆசிரியர் 'கர்ப்பிணி' என்ற சொல்லை மாத்திரமே கற்பித்தார். அவர் திருமணமாகாதவர்."

பேபி ஒன்று, பேபி இரண்டு

இடையில் இதைச் சொல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. முன்பெல்லாம் பெயர் வைக்காத பிள்ளையைக் கம்பனி சும்மா 'பேபி' என்று ஏற்றிவிடும். கொச்சிக்கடையில் துறைமுக வேலை செய்கிற ஒருவருக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தார்கள். ஞானஸ்நானத்துக்கு ஊரிலிருந்து ஆட்கள் வரவேண்டும், அதுவரை பெயர் இல்லை. கம்பனியும் பேபி ஒன்று, பேபி இரண்டு என்று ஏற்றியது. ஒன்றுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். ஆஸ்பத்திரிக் கடதாசியில் பேபி ஒன்று. தகப்பன் எழுதிக் கொடுத்ததில் பேபி இரண்டு. எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று உறுதிப்படுத்தும்படி கம்பனி கேட்டது.

நான் அந்த மனிதரை மேலிடத்துக்கு அழைத்துப் போனேன். இரண்டு பிள்ளைகளையும் இரண்டு கையில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார், இரண்டும் வீறிட்டு அழுதன, ஒப்பீஸ் முழுக்க எழும்பி நின்று பார்த்தது. அவர் மேசைக்கு முன்னால் நின்று சொன்னது: "எனக்கே தெரியல சார், ரெண்டும் ஒரே நேரத்துலதான் அழுவுது. எதுக்குக் காய்ச்சல்னு உங்க கம்பெனிக்குத் தெரிஞ்சா எனக்கும் ஒரு கடிதம் போடுங்க."

எழுதாத பெயர்

அதற்குப் பிறகு கம்பனி ஒரு சுற்றறிக்கை விட்டது. பேபி கீபி எதுவும் இல்லை, பெயர் இருந்தால்தான் பிள்ளை. சரி, பெயர் வைப்பதற்கு என்ன கஷ்டம் என்று நானும் அப்போது தலையாட்டினேன்.

ஷர்மிளாவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. நிறை குறைவு, ஆனால் குரல் நாலு மாடிக்கும் கேட்கும். பிரசவச் செலவைக் கம்பனி மறுபேச்சில்லாமல் கட்டியது. நான் கேக் வாங்கிக்கொண்டு போனேன். அடுத்த கிழமை குகன் போனில் கூப்பிட்ட குரலைக் கேட்டதும் கேக் நினைப்பெல்லாம் பறந்துவிட்டது. பிள்ளையின் இதயத்தில் ஓட்டை. மூடலாம், பயப்படத் தேவையில்லை, ஆனால் சில மாதங்களுக்குள் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அரசாங்க ஆஸ்பத்திரியில் நன்றாகச் செய்வார்கள், வரிசைதான் நீளம். இவள் வரிசையில் நிற்கக்கூடிய பிள்ளை இல்லை. தனியாரில் செய்ய அவர்கள் வீட்டையே விற்க வேண்டும், அந்த வீடும் வாடகை வீடு.

"உனக்கென்ன விசரோ குகன், காப்புறுதி இருக்கு!" என்று கத்திவிட்டு, கடதாசியோடு பறந்தேன். தாய் தகப்பன் கையெழுத்து, ஆஸ்பத்திரித் துண்டு, எல்லாம் அன்றைக்கே தயார். பெயர் எழுதுகிற கோடு மட்டும் வெறுமையாகக் கிடந்தது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து, தீட்டு நீங்கித்தான் பெயர் வைப்பது என்றா குகனுடைய அம்மா. கம்பனிக்கு முப்பதுக்குள் வேணும் என்றேன் நான். சும்மா ஒரு பெயரை இப்போது கொடுப்போம், பிறகு மாற்றிக்கொள்வோம் என்று எனக்குத் தெரிந்த குறுக்கு வழி எல்லாம் சொன்னேன். மாமிதான் தடை என்று நினைத்து மாமியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தடை கட்டிலில் இருந்தது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, என்னை நிமிர்ந்தும் பாராமல் ஷர்மிளா சொன்னாள்: "போனமுறை பிறக்க முதலே பெயர் வைச்சனாங்கள் அன்ரி, நான் அதைச் சுவரிலயும் எழுதி ஒட்டினனான். அந்தப் பெயரை இப்ப இந்த வீட்டில ஒருத்தரும் சொல்லுறேல்லை. இவளின்ரய நாள் வரமுதல் எழுத மாட்டன்."

இதற்கு மேல் என்ன கதைப்பது? கதைத்தால் நான் மனுசியில்லை.

ஒரு நாள்தானே

ஆனால் கம்பனியோடு கதைக்கலாம்தானே! மனேஜர் நல்ல மனிதர், மீசையைத் தடவிக்கொண்டே இல்லை என்று சொல்லக்கூடியவர். நான் அவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு, துடக்கு என்றால் என்ன, அது கழிந்தால் என்ன, ஐயர் வந்து என்ன செய்வார் எல்லாவற்றையும் சிங்களத்தில் பாதி, இங்கிலீஷில் பாதியாகச் சொல்லி முடித்தேன். முப்பத்தொன்று, முப்பது, வித்தியாசம் ஒன்று. ஒன்றே ஒன்று! அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, கொம்பியூட்டரைக் காட்டினார். அது முப்பதோடு பூட்டிக்கொள்ளும், தன்னாலும் திறக்க முடியாது என்றார். பிறகு மிகவும் அன்பாக, "ஒரு நாள்தானே மிஸிஸ், அவர்களை ஒரு நாள் முன்னுக்குப் பெயர் வைக்கச் சொல்லுங்களேன்" என்றார்.

அந்தக் கோபம் ஆறுவதற்குள், ஓட்டோ பிடித்து நேரே நாலாம் மாடிக்குப் போனேன். லிஃப்டில் மட்டை புதியது. குகனுடைய அம்மாவைத் தனியாகப் பிடித்து, கையைப் பிடித்து, "அக்கா, பிள்ளையின்ர உயிர் விஷயம்" என்றேன். அந்த மனுசியின் கண் கலங்கியது. கல்நெஞ்சு இல்லை, இரண்டாவது தரமும் ஒன்று நடந்துவிடுமோ என்ற பயம். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மனேஜருடைய அதே அன்போடு அவவும் சொன்னா: "ஒரு நாள்தானே பிள்ளை, உங்கட கம்பனியை ஒரு நாள் பிந்திப் பூட்டச் சொல்லுமன்."

பூசையில் ஒரு கணக்கு

ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனை மாதா கோயிலில் பூசைக்கு நின்றேன். நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும், மனம் அங்கே இல்லை. பெயர் வைப்பது செவ்வாய்க்கிழமை. அதாவது திங்களோடு எல்லாம் முடிந்தது. விசுவாசப் பிரமாணம் சொல்லத் தொடங்கினார்கள். வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டு போக, 'மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார்' என்ற இடத்தில் என் நாக்கு நின்றுவிட்டது. மூன்றாம் நாளா? வெள்ளி பின்னேரம் சிலுவையில். ஞாயிறு விடியக் கல்லறை வெறுமை. எங்கள் கம்பனிக் கணக்கில் இது இரண்டாம் நாள்தானே! கொன்வென்டில் சிஸ்டரிடம் இதே கேள்வியைக் கேட்டு நாங்கள் எல்லாரும் விரல் விட்டு எண்ணியிருக்கிறோம். வெள்ளி ஒன்று, சனி இரண்டு, ஞாயிறு மூன்று. தொடங்குகிற நாளையே முதலாம் நாள் என்று எண்ணுகிற கணக்கு.

பக்கத்தில் நின்றவளின் காலை மிதித்துக்கொண்டு வெளியே ஓடினேன். கோயில் வாசலில் நின்று, மெழுகுதிரி விற்கிறவர் வாயைப் பிளந்து பார்க்க, குகனுடைய அம்மாவுக்குப் போன் எடுத்துக் கத்தினேன்: "அக்கா! உங்கட கணக்கில பிள்ளை பிறந்த அண்டு எத்தினையாம் நாள்?" "இதென்ன கேள்வி? அண்டைக்குத்தான் முதலாம் நாள்" என்றா அவ. "ஏன், அண்டைக்குப் பிள்ளை இல்லாமலே இருந்தது?"

மறுநாள் காலை ஒப்பீஸ் திறக்கமுன் நான் வாசலில். திலினி கைப்பையைக்கூட வைக்கவில்லை, கொம்பியூட்டரைத் திறக்க வைத்தேன். கம்பனி பிறந்த நாளை எண்ணுவதில்லை. மறுநாள்தான் அதற்கு ஒன்று. திலினி மேசை நாட்காட்டியில் பேனை முனையால் குத்திக் குத்தி எண்ணினாள், திரும்பவும் எண்ணினாள், பிறகு கொம்பியூட்டரில் கடைசித் திகதி என்ற இடத்தைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை! இத்தனை நாளும் நாங்கள் எல்லாரும் எண்களைப் போட்டு அடிபட்டோமே தவிர, ஒருத்தராவது நாட்காட்டியைப் பார்க்கவில்லை! திலினி கதிரையை விட்டு எழும்பி, தான் படித்த தமிழ் முழுவதையும் திரட்டிக் கூவினாள்: "ஆன்ட்டி! உங்களுடைய முப்பத்தொன்றும் எங்களுடைய முப்பதும் ஒரே நாள் அல்லவா!"

கம்பனிக்கும் ராகுகாலம் உண்டு

இத்தோடு முடிந்தது என்று நினைக்கிறீர்களா? நானும் நினைத்தேன். அன்றைய பதிவுகளைக் கொம்பியூட்டர் பின்னேரம் மூன்று மணியோடு நிறுத்திவிடும் என்று திலினி மெல்லச் சொன்னாள். பரவாயில்லை, பெயர் வைப்பது காலை பத்து மணிக்கு. ஒப்பமிட்ட கடதாசிகளை அவளிடம் கொடுத்து, பெயர்க் கோட்டை மட்டும் வெறுமையாக விட்டு, நான் போனில் சொல்லச் சொல்ல அவள் ஏற்றுவது என்று ஒப்பந்தம்.

செவ்வாய் காலை நாலாம் மாடியில் மஞ்சள் தண்ணீர், மாவிலை, பாயாசம், நான், எல்லாம் தயார். ஐயர் இல்லை. மருதானையில் ஒரு கடைத் திறப்பு. அதற்கு நாடா வெட்ட வரவேண்டிய பெரிய மனிதர் இன்னும் வரவில்லை, ஐயரை விடுகிறார்கள் இல்லை. பத்து போய், பன்னிரண்டு போய், ஒன்றரையும் போனது. நான் ஐயருக்கு எடுத்த போன்களில் கடைசியாக எடுத்ததை இங்கே எழுத முடியாது. ஒருவழியாக இரண்டே காலுக்கு மேல் ஐயர் படியேறி வந்தார், லிஃப்டை வைதுகொண்டு. வந்து உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மூண்டு மணிக்கு ராகுகாலம். அதுக்கு முதல் பெயரை வைக்கோணும், இல்லாட்டி நாலரைக்குப் பிறகுதான்" என்றார். என் வாழ்க்கையில் ராகுகாலத்தை நான் நேசித்த ஒரே நாள் அது. "வையுங்கோ ஐயா, முதலே வையுங்கோ!" என்றேன். சங்கிலிபோல மந்திரம் ஓடியது. ஒரு கையில் போன், அதில் திலினி. மற்றக் கையால் நான் ஐயருக்குப் பூத்தட்டைத் தள்ளித் தள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பெயர் என்னவென்று அந்த நிமிஷம் வரை ஒருவருக்கும் தெரியாது. ஷர்மிளா குகனுடைய காதில் சொன்னாள். குகன் குனிந்து பிள்ளையின் காதில் சொன்னார், மூன்று தரம், அவ்வளவு இரகசியமாக. பிள்ளைக்கு மட்டும் கேட்டது. "ஆன்ட்டி, பெயர் என்ன? எட்டு நிமிடங்கள் உள்ளன!" என்றது போன்.

"குகன், சத்தமாச் சொல்லும் ஐசே!" என்று நான் கத்தினேன். "கம்பனியின்ர காது தூரத்தில இருக்கு!"

"யாழினி" என்றார் குகன்.

"யாலினி, யாளினி, யாழினி? எந்த எழுத்து?" என்றாள் திலினி. தமிழ் ஒழுங்காகப் படித்தவள் அல்லவா, விடுவாளா? வீடே சேர்ந்து "ழ! ழ!" என்று கத்தியது. "ஆகா, சிறப்பு ழகரம்! எனக்கு வரும்!" என்று அவள் சந்தோஷப்பட்டாள். "பதிவு இங்கிலீஷில்தானம்மா, டைப் அடி!" என்று நான் கெஞ்சினேன். அப்போது குகன் வாயைத் திறந்தார்: கனடாவில் இருக்கிற தன் அண்ணன் எண்சோதிடம் பார்த்துத்தான் இங்கிலீஷ் எழுத்தைச் சொல்லுவார், 'ஏ' ஒன்றா இரண்டா என்று கேட்க வேண்டும், அங்கே இப்போது விடியவில்லை. நான் குகனைப் பார்த்த பார்வையில் பாயாசம் திரைந்திருக்கும். அதற்கு முன் ஷர்மிளா எழும்பி வந்து என் கையிலிருந்து போனை வாங்கினாள். "வை, ஏ, எல், ஐ, என், ஐ. ஒரு ஏ. போடுங்கோ மிஸ்" என்றாள். போனுக்குள் விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது.

குகனுடைய போன் டிங் என்றது. காப்புறுதியில் புதிய அங்கத்தவர் சேர்க்கப்பட்டுள்ளார், பெயர் யாழினி குகன். குகனுடைய அம்மா கும்பிட்டா, நான் சிலுவை போட்டேன், ஐயர் மணிக்கூட்டைப் பார்த்துச் சிரித்தார், போனுக்குள் திலினி கைதட்டினாள். ஷர்மிளா மட்டும் அந்த எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "எழுதியாச்சு அன்ரி. உங்கட கம்பனி இதை இனி அழிக்காதுதானே?"

அழிக்கவில்லை. கம்பனி கடைசி ரசீது வரைக்கும் கட்டியது. டொக்டர் ஓட்டையை மூடினார். யாழினி இப்போது நான் நாலு மாடி ஏறிப்போய் மூச்சு வாங்கமுன்பே என் மூக்குக்கண்ணாடியைப் பறித்து நிலத்தில் அடிக்கிற அளவுக்குச் சுகமாக இருக்கிறாள்.

அன்றிலிருந்து யார் என்னிடம் இத்தனை நாளுக்குள் என்று தவணை சொன்னாலும், எந்த நாளை ஒன்று என்கிறீர்கள் என்று கேட்டுப் பதில் வாங்காமல் நான் கதிரையில்கூட இருப்பதில்லை.